பென்குயின் பாடத்துக்குப் பெட்டி வாங்க வேண்டாம், முற்றம் போதும்

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். பள்ளியில் ‘துருவ வாரம்’ என்று பென்குயின் பாடம் வைத்திருக்கிறார்கள். ஒரு ஏஜென்டிடம் 1,800 ரூபாய்க்கு ஆக்டிவிட்டி கிட் வாங்கச் சொல்கிறார்கள். வாங்காதவர்கள் தெர்மாகோல் மாடல் செய்து தர வேண்டுமாம். வாங்கத்தான் வேண்டுமா? பனியையே பார்க்காத பிள்ளைக்கு தேவகோட்டை வெயிலில் இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. மாடலும் செய்ய வேண்டாம். நாலு வயதுப் பிள்ளையால் தெர்மாகோலை வெட்டி ஒட்ட முடியாது என்பது உங்களுக்கும் தெரியும், பள்ளிக்கும் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு நீங்கள் உட்கார்ந்து ஒட்டுவீர்கள், அவன் தூங்கிக்கொண்டிருப்பான், காலையில் கையில் கொடுத்து அனுப்பினால் அங்கே வரிசையாக வைத்துப் போட்டோ எடுப்பார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை 3 வயது முதல் 8 வயது வரை விளையாட்டு வழியாகத்தான் கற்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. எழுதி வைத்து என்ன பயன்? பள்ளியைப் பார்வையிட வருகிறவர்கள் சுவரில் எத்தனை மாடல், ஃபைலில் எத்தனை ஒர்க் ஷீட் என்றுதான் பார்க்கிறார்கள், பிள்ளை எதையாவது தொட்டதா என்று ஒருவரும் கேட்பதில்லை. இருபது வருடமாக மழலையர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

கிட் விற்கிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு இப்படித்தான் ஒருவர் வந்தார். பெட்டிக்கு இவ்வளவு என்று பள்ளிக்குத் தனியாகக் கொடுப்பார், அந்தப் பணமும் பெற்றோர் தலையில்தான் விழும். பெட்டியைப் பிரித்தால் நாலு பிளாஸ்டிக் பொம்மை, கலர் அடிக்க எட்டுத் தாள், கொஞ்சம் ஜிகினாத் தூள், ஒரு பாக்கெட் தெர்மாகோல் குருணை, அப்புறம் தண்ணீரில் போட்டால் ஊதும் ஜெல் உருண்டை. இந்தக் கடைசிச் சாமான்தான் எனக்குப் பயம். காய்ந்திருக்கும்போது கடுகு அளவுதான் இருக்கும், ஜவ்வரிசி என்று நினைத்துப் பிள்ளை வாயில் போட்டுக்கொண்டால் வயிற்றுக்குள் போய் ஊதிப் பெரிதாகிக் குடலை அடைத்துவிடும். எக்ஸ்ரேயிலும் சரியாகத் தெரியாது. யார் கொடுத்தாலும், இலவசமாகவே கொடுத்தாலும், வீட்டுக்குள் விடாதீர்கள்.

இன்னொன்று, அந்தப் பெட்டியில் பென்குயினும் பனிக்கரடியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை. பனிக்கரடி வடக்கே, உறைந்த கடலின் மேல். பென்குயின் தெற்கே. ஒரு சாத்துக்குடியை எடுத்து மேலே கரடி, கீழே பென்குயின் என்று பேனாவால் வரைந்து காட்டுங்கள், நாலு வயதுக்கு அவ்வளவு பூகோளம் போதும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் குளிர். முந்தின நாள் ராத்திரியே ஒரு டிபன் கேரியர் அடுக்கில் தண்ணீர் ஊற்றி, உள்ளே ஒரு பெரிய கூழாங்கல்லையோ அவனுடைய பொம்மைக் காரையோ போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் கட்டியை எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வைத்த பிறகு கொடுங்கள், எடுத்தவுடன் கொடுத்தால் விரலிலோ நாக்கிலோ ஒட்டிக்கொள்ளும். முற்றத்து வெயிலில் ஒரு கட்டி, சுற்றுக்கட்டு நிழலில் ஒரு கட்டி வைத்தால் எது முதலில் கரைகிறது என்று அவனே ஓடி ஓடிப் பார்த்து வந்து சொல்வான். உப்புத் தூவினால் சீக்கிரம் கரையும், ஆனால் உப்பை நீங்கள் தூவுங்கள். உப்பும் ஐஸும் சேர்ந்து பிள்ளையின் தோலைப் புண்ணாக்கிவிடும்.

அடுத்தது கொழுப்பு. மூன்று ஜிப் கவர் எடுங்கள். ஒன்றுக்குள் நாலைந்து கரண்டி டால்டாவைப் போட்டு, இன்னொரு கவரை அதற்குள் நுழைத்து, டால்டா நடுவில் பரவும்படி அமுக்கி, விளிம்பை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அவனுடைய வலது கையை உள்கவருக்குள் விடச் சொல்லுங்கள், இடது கைக்கு வெறும் கவர். இரண்டு கையும் ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள். வெறும் கவர்க் கையை உடனே இழுத்துக்கொள்வான், டால்டாக் கை உள்ளேயே இருக்கும். அந்த முகத்தைப் பாருங்கள், கண் விரிந்து இரண்டு கையையும் மாறி மாறிப் பார்ப்பான். பென்குயின் தோலுக்கு அடியிலும் இப்படிக் கொழுப்பு இருக்கிறது என்று அந்த நேரத்தில் சொன்னால் போதும்.

இறகு தண்ணீரில் நனையாமல் இருப்பதைக் காட்ட ஊருணியில் ஒரு தாமரை இலை பறித்து வாருங்கள். சொட்டுத் தண்ணீர் அதன் மேல் உருண்டு ஓடுவதைப் பார்த்தால் பிள்ளை அரை மணி நேரம் இடத்தை விட்டு அசையாது. பென்குயின் வால் பக்கத்தில் சுரக்கும் எண்ணெயை அலகால் எடுத்து இறகு முழுக்கத் தடவிக்கொள்ளும். அதற்கு வெள்ளைத் தாளில் கிரேயானால் அழுத்தித் தேய்த்துப் பென்குயின் வரையச் சொல்லி மேலே தண்ணீர் தெளித்துக் காட்டுங்கள்.

முட்டை விளையாட்டுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நமக்குக் கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்தில் அண்டார்டிகாவில் குளிர்காலம் தொடங்குகிறது. மே, ஜூனில்தான் எம்பரர் பென்குயின் ஒரே ஒரு முட்டை இடும். தாய் கடலுக்கு இரை தேடப் போய்விடும், தகப்பன் இரண்டு மாதத்துக்கும் மேல் ஒன்றும் சாப்பிடாமல் முட்டையைப் பாதத்தின் மேல் வைத்து வயிற்று மடிப்பால் மூடி நிற்கும், முட்டை பனியில் பட்டால் உறைந்துவிடும். பழைய துணியைச் சுருட்டி முட்டை அளவில் உருண்டை கட்டுங்கள். வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல் தரையில் நின்று, பாதத்தின் மேல் உருண்டையை வைத்துக்கொண்டு கீழே விழாமல் பட்டாலைக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க வேண்டும். அவன் அப்பா ஊரில் இல்லை என்றால் ஐயாவை, அதாவது தாத்தாவை, கூப்பிடுங்கள், நிச்சயம் வருவார். அப்படியே தூணில் சாக்பீஸால் 115 சென்டிமீட்டரில் ஒரு கோடு போடுங்கள், எம்பரர் பென்குயின் அவ்வளவு உயரம். உங்கள் பையனை விடக் கொஞ்சம் உயரமாகத்தான் இருக்கும், அவனுக்கு அது பெரிய செய்தி.

அதே தூணில் 50 சென்டிமீட்டரில் இன்னொரு கோடு. இது யார் தெரியுமா? உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்குப் பதிலே இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பென்குயின் என்றால் பனி என்று நாம் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம், பள்ளியும் அப்படித்தான் சொல்லும். பூமத்திய ரேகை ஓடுகிற கலாபகஸ் தீவுகளில் ஒரு பென்குயின் இருக்கிறது. அங்கே வெயில் நம் ஊர் போலத்தான் அடிக்கும், கடலில் குளிர்ந்த நீரோட்டம் வருவதால்தான் அது அங்கே வாழ முடிகிறது. கரையில் வெயில் ஏறினால் நாய் போல வாயைத் திறந்து இளைக்கும், சிறகைப் பக்கவாட்டில் விரித்துக்கொள்ளும், பாதம் சுட்டுவிடாமல் இருக்க முன்னால் குனிந்து தன் நிழலையே பாதத்தின் மேல் விழவைக்கும். முட்டையை எரிமலைப் பாறை இடுக்கில், நிழலில் வைக்கும். மும்பை பைகுல்லா உயிரியல் பூங்காவில் 2017 முதல் மக்கள் போய்ப் பார்க்கும் ஹம்போல்ட் பென்குயினுக்கும் சொந்த ஊர் பனி இல்லை, பெரு, சிலி நாட்டுக் கடற்கரை. ஆகவே வெயில் ஊரில் எப்படி என்று கவலைப்படாதீர்கள். பதினோரு மணி வெயிலில் முற்றத்தில் பையனை இறக்கி, கையை விரித்து, குனிந்து, பாதத்துக்கு நிழல் கொடுக்கச் சொல்லுங்கள். தரை சுடுகிறது என்று கத்தியதும் திண்ணை நிழலுக்கு ஓடட்டும். கலாபகஸ் பென்குயினும் அதைத்தான் செய்கிறது. இரண்டு நிமிடத்துக்கு மேல் வெயிலில் நிறுத்த வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்று, அவனாகக் கேட்டால் மறுபடியும் அதுவே.

பள்ளிக்கு என்ன அனுப்புவது என்று கேட்பீர்கள். ஒரு சின்ன ஓலைக் கொட்டான் எடுங்கள். அடேலி என்ற பென்குயின் கூழாங்கல்லை ஒவ்வொன்றாக அலகில் கவ்வி வந்து கூடு கட்டும், பக்கத்துக் கூட்டிலிருந்து திருடவும் செய்யும். உங்கள் பையன் தெருவில் அவனே பொறுக்கிய கல்லை, வாய்க்குள் நுழையாத பெரிய கல்லாகப் பார்த்து, கொட்டானில் போட்டு, துணி முட்டையை நடுவில் வைத்து அனுப்புங்கள். மாடல் எங்கே என்று டீச்சர் கேட்டால் அவனையே பேசச் சொல்லுங்கள். கல் திருடும் கதையை அவன் சொல்லாமல் விடமாட்டான்.