காதில் வைக்கும் ஹார்மோன் மருந்து: கிடாக்குட்டிக்குப் போடலாமா?

பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் கொட்டகை போட்டு 40 செம்மறிக் கிடாக்குட்டி வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பக்ரீத்துக்கு விற்கத்தான் வளர்க்கிறேன். மச்சான் ஆஸ்திரேலியாவில் மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறார். அங்கே இறைச்சி மாட்டுக்குக் காதில் ஹார்மோன் இம்பிளான்ட் வைக்கிறார்களாம். எடை நன்றாக ஏறுகிறதாம். ஊருக்கு வரும்போது கொண்டுவரட்டுமா என்கிறார். போடலாமா? கூடவே நாலைந்து காளைக்கன்றையும் இறைச்சிக்கு வளர்க்க யோசனை."

காளைக்கன்று விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கர்நாடகத்தில் 2021 முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி பசு, காளை, கன்று எதையும் இறைச்சிக்கு அறுக்க முடியாது. 13 வயது தாண்டிய எருமைக்கு மட்டுமே விலக்கு. அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

சரி, கிடாவுக்கு வருவோம். மச்சான் சொன்னது பொய்யில்லை. ஈஸ்ட்ரடயால், செரனால், டிரென்போலோன் போன்ற மருந்துகளைக் குட்டிக் குட்டி வில்லைகளாக்கி, துப்பாக்கி மாதிரியான ஊசியால் காதின் பின்பக்கம் தோலுக்கடியில் வைப்பார்கள். அறுக்கும்போது காதைக் கழித்துவிடுவதால் அந்த இடம். மருந்து மூன்று நான்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கும். உடம்பு தின்றதைக் கொழுப்பாக்குவதைக் குறைத்து, தசையாக்குவதைக் கூட்டும். அமெரிக்காவில் 1950களின் நடுவிலிருந்தே இது உண்டு. நன்றாகத் தீனி போடும் இடத்தில் தினசரி எடையேற்றம் 10 முதல் 20 சதவீதம் கூடும். செலவோ ஒரு மாட்டுக்குச் சில டாலர்தான். ஆயிரக்கணக்கில் மாடு அடைத்து மக்காச்சோளம் போடுகிறவர் ஏன் வைக்கமாட்டார்?

அங்கேயும் எல்லாரும் வைப்பதில்லை. 1989 முதல் ஐரோப்பா இப்படி வளர்த்த மாட்டிறைச்சியை உள்ளே விடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் மருந்து வைத்த மாட்டின் காதில் முக்கோண ஓட்டை போட்டாக வேண்டும், வாங்குகிறவருக்குத் தெரியட்டும் என்று. யாருக்கு விற்கப்போகிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் அங்கே முடிவு எடுக்கிறார்கள்.

நம் கணக்குக்கு வருவோம். அந்த 15 சதவீதம் எதன் மேல் ஏறுகிறது? காலையில் ஓட்டிவிட்டு மாலையில் ராகி வைக்கோல் மட்டும் காட்டினால் குட்டி நாளுக்கு 50 கிராம் ஏறும் என்று வையுங்கள். அதில் 15 சதவீதம் ஏழரை கிராம். 90 நாளில் முக்கால் கிலோகூடத் தேறாது. அதே குட்டிக்கு அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது) கொடுத்து 120 கிராமுக்குக் கொண்டுவந்தால் 90 நாளில் ஆறு கிலோவுக்கு மேல் கூடுதல். இம்பிளான்ட் எடையைப் புதிதாக உண்டாக்காது, உள்ளே போகும் தீனியைத் திருப்பிவிடும், அவ்வளவுதான். அரைவயிற்றுக் குட்டிக்கு வைத்தால் காசுக்குக் கேடு.

அடுத்தது, உங்களுடையது காயடிக்காத கிடா. இந்த மருந்து நன்றாக வேலை செய்வது காயடித்த மாட்டில்தான். சொந்தமாக ஆண் ஹார்மோன் சுரக்கும் உடம்புக்குப் பலன் குறைவு. செம்மறிக்கென்றே 12 மில்லிகிராம் செரனால் அமெரிக்காவில் உண்டு என்பது உண்மை; ஆனால் கிடாக்குட்டியில் அது விதையைச் சிறுக்க வைக்கும், சில குட்டிகளுக்கு ஆசனவாய் வெளித்தள்ளும் சிக்கலும் வரும்.

பெங்களூர் சாம்ராஜ்பேட்டை ஈத்கா மைதானத்தில் பக்ரீத் நேரத்தில் ஆடு வாங்குகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். முதலில் வயசு தெரிய வாயைத் திறந்து பல் பார்ப்பார். அப்புறம் காதைத் தடவிப் பார்ப்பார், கிழிசலோ அறுந்த தடமோ இருக்கிறதா என்று. பின்னால் போய் விதையைப் பிடித்துப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் விலை பேச்சு. ஊசி சுத்தமில்லாமல் வைத்தால் காது சீழ்பிடித்து வில்லை வெளியே வந்துவிடும். அழுகிச் சுருங்கிய காதோடு நிற்கும் கிடாவை குர்பானிக்கு (பக்ரீத் பலிக்கு) யாரும் வாங்கமாட்டார்கள். ஆக, அவர் தொட்டுப் பார்க்கும் மூன்று இடத்தில் இரண்டை இந்த மருந்தே கெடுத்துவைக்கும். மூன்றாவதான பல்லுக்கு அதால் ஒன்றும் செய்ய முடியாது.

சட்டமும் ஒரு காரணம். உரிமம் இல்லாமல் மருந்து கொண்டுவந்து பண்ணையில் போடுவது 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்துக்கு விரோதம். மச்சானிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 'சதை ஊசி' என்று சொல்லி ஸ்டீராய்டு விற்க வருகிறவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நீர் கோத்து ஆடு பளபளவென்று தெரியும், நோய் எதிர்ப்பு இறங்கிவிடும், சந்தைக் கூட்டத்தில் சளி பிடித்தால் போச்சு.

அந்தக் காசை இப்படிச் செலவழியுங்கள். நாளைக் காலையில் ஒவ்வொரு குட்டிக்கும் கீழ் இமையை இறக்கிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் ரத்தம் உறிஞ்சும் குடற்புழு உள்ளே இருக்கிறது. தாடைக்கடியில் பை மாதிரி நீர் தொங்கினால் முற்றிவிட்டது. சாணத்தைப் பரிசோதித்து, எடை பார்த்து மருந்து கொடுங்கள். கண்ணளவில் கொடுத்தால் பெரும்பாலும் குறைவாகத்தான் போகும், புழுவும் மருந்துக்குப் பழகிவிடும். துள்ளுமாரி என்னும் குடல் நோய்க்கான தடுப்பூசியை முதல் முறை போடும் குட்டிக்கு இரண்டு மூன்று வார இடைவெளியில் இரண்டு தடவை போட்டுவிட வேண்டும். அடர்தீவனம் ஏற்றும் பண்ணையில் இந்த நோயால் திடீரென்று சாவது கொழுத்த குட்டிதான்; மெலிந்தது தப்பிவிடும்.

தீவனத்தை 50 கிராமில் தொடங்கி, இரண்டு வாரத்தில் 300 வரை மெதுவாக ஏற்றுங்கள். மக்காச்சோளம், கடலைப்புண்ணாக்கு, தவிடு, தாது உப்பு போதும். கூடவே வேலிமசாலோ கடலைக்கொடியோ. தவிடு மலிவு என்று அதையே அள்ளிப் போட்டால் அதிலுள்ள பாஸ்பரஸ் கல்லாகி மூத்திரம் அடைத்துக்கொள்ளும். கிடாவுக்குக் குழாய் குறுகல், அதனால் இது ஆண் குட்டியின் வியாதி. முக்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட்டால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைப் போல் இரண்டு மடங்கு இருக்கட்டும், தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்கட்டும். கலவை விகிதத்தில் சந்தேகம் என்றால் ஆடுகோடியில் ஓசூர் ரோட்டிலேயே கால்நடை ஊட்டச்சத்துக்கான தேசிய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியிலும் கேட்கலாம்.

பல் விஷயம் பாக்கி. செம்மறிக்கு முதல் ஜோடி நிலைப்பல் 12 முதல் 18 மாதத்துக்குள் முளைக்கும். எவ்வளவு தீனி போட்டாலும் இது முன்னால் வராது. பக்ரீத்தோ ஒவ்வொரு வருஷமும் சுமார் 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். போன வருஷம் குட்டி பிடித்த அதே தேதியில் இந்த வருஷமும் பிடித்தால், வளர்ப்பு நாளில் 11 குறையும். எனவே பண்டிகைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, அன்றைக்கு 14, 15 மாதம் முடிந்திருக்கும் குட்டியாகப் பார்த்துப் பிடியுங்கள்.