புதிதாகத் திருமணமான நாங்கள் இரண்டே நாட்களுக்குச் சிகாகோ போகிறோம். எதைப் பார்ப்பது, எதை விடுவது?

திருமணமாகி நான்கு மாதங்கள் ஆகின்றன, இருவருக்கும் இதுவே முதல் அமெரிக்கப் பெருநகரம், சனி ஞாயிறு மட்டுமே கையில் இருக்கிறது, பதினைந்து இடங்கள் கொண்ட பட்டியல் ஒன்று தயாராக உள்ளது, அதை எந்த வரிசையில் முடிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலை உங்களில் ஒருவர் மட்டும் எழுதியிருப்பார், மற்றவர் தலையசைத்திருப்பார் என்றே நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அதை எழுதியவள் நான். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

நாங்கள் இருப்பது இலினாய் மாநிலத்தின் நடுவே, புளூமிங்டன் என்னும் சிறு நகரில். என் கணவர் ஈரோட்டுக்காரர். கோவையில் சிவில் படித்துவிட்டு மென்பொருள் வேலைக்கு வந்தவர். நான் நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். ஊரில் கல்லூரியில் வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்தவள், இங்கே வேலை செய்ய அனுமதியில்லாத விசாவில் வீட்டில் இருந்தேன். நாள் முழுவதும் வீட்டில் இருப்பவளுக்குப் பட்டியல் போட நேரம் நிறைய இருந்தது. பதினேழு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம், எங்கிருந்து எங்கே நடை, எங்கே ரயில் என்று எக்செல் கோப்பில் எழுதி, அச்சிட்டு, மடித்துக் கைப்பையில் வைத்திருந்தேன். அப்போது அதைப் பற்றி எனக்குப் பெருமைதான்.

நவம்பர் முதல் வார இறுதியில் போனோம். பக்கத்திலேயே இருக்கும் நார்மல் என்ற ஊரின் ரயில் நிலையத்திலிருந்து சிகாகோ யூனியன் ஸ்டேஷனுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். பெருநகரில் காரை நிறுத்த ஆகும் செலவைக் கேள்விப்பட்டிருந்ததால் ரயிலில் போனோம். நீங்களும் முடிந்தால் அப்படியே செய்யுங்கள். ரயிலில் காபியுடன் கொடுத்த காகிதக் கைக்குட்டையில் என் கணவர் ஒரு படம் வரைந்தார். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்கள். "வில்லிஸ் டவர் ஒரே கட்டடம் இல்லை, ஒன்பது குழாய்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு மாதிரி" என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு கட்டமும் 75 அடிச் சதுரம்; இரண்டு குழாய்கள் 50ஆவது மாடியோடு நின்றுவிடும், இரண்டு 66ஆவது மாடியோடு, மூன்று 90ஆவது மாடியோடு; மீதி இரண்டு மட்டும் உச்சிவரை போகும்; காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்ளும் என்று, நின்றுபோகும் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பேனாவால் நிரப்பிக் காட்டினார். அதை வடிவமைத்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் 1929இல் டாக்காவில் பிறந்தவர் என்றும், 1973இல் உச்சியைத் தொட்ட அந்தக் கட்டடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் உலகின் மிக உயரமான கட்டடமாக இருந்தது என்றும் சொல்லிக்கொண்டு வந்தார். நான் கேட்டுக்கொண்டே, மதிய உணவுக்கு 40 நிமிடம் போதுமா என்று என் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போதவில்லை. சிகாகோவின் புகழ்பெற்ற ஆழமான பீட்சா வேக மட்டும் முக்கால் மணி நேரம் ஆகும் என்பதை எந்தப் பட்டியலும் எனக்குச் சொல்லவில்லை. மிலேனியம் பூங்காவில், மும்பையில் பிறந்த அனிஷ் கபூரின் பளபளக்கும் எஃகுச் சிற்பத்தின் முன்னால் 12 நிமிடம் நின்று, நாங்களும் நகரமும் வளைந்து தெரிந்த படங்களை எடுத்துக்கொண்டு ஓடினோம். 168 தகடுகளை ஒட்டிய தையல் எங்கே இருக்கிறது என்று என் கணவர் குனிந்து தேடியபோதும் நான் கையைப் பிடித்து இழுத்தேன். ஆற்றங்கரை நடைபாதையிலும் அதே வேகம்தான்.

மாலை மூன்றரைக்கு வில்லிஸ் டவர். 103ஆவது மாடி, தரையிலிருந்து 1,353 அடி. அன்று வானம் தெளிவாக இருந்தது. கட்டடத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டியில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அதற்கான வரிசை நீளம், உள்ளே நிற்பது சற்று நேரம். அதன் பிறகு என் கணவர் மேற்குப் பக்கச் சன்னலோரம் போய் நின்றார். கோடு கிழித்தது போல நேராக ஓடும் தெருக்களையும், கீழே படிப்படியாக நின்றுபோன அந்தக் குழாய்களின் மொட்டை மாடிகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, இதோ இதுதான் 90, அதோ அது 66 என்று எனக்குக் காட்டினார். "இன்னும் ஒரு மணி நேரத்தில் இருட்டிவிடும், விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுப் போகலாமா?" என்று கேட்டார். நான் முடியாது என்றேன். அடுத்தது ஏரிக்குள் நீளும் நேவி பியர் துறைமேடையில் உள்ள ராட்டினம் என்று தாளை நீட்டினேன். அவர் மறுத்துப் பேசவில்லை. காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ராட்டினத்தின் உயரம் 196 அடி. உலகின் முதல் ஃபெர்ரிஸ் ராட்டினம் 1893ஆம் ஆண்டுச் சிகாகோ உலகக் கண்காட்சிக்காகத்தான் கட்டப்பட்டது என்பதால் அதில் ஏறியே தீர வேண்டும் என்று நான் எழுதி வைத்திருந்தேன். 1,353 அடியிலிருந்து அவரை இறக்கி அங்கே கொண்டு வந்திருந்தேன். மிச்சிகன் ஏரியிலிருந்து வந்த காற்று முகத்தில் அறைந்தது. கடற்கரை ஊர்க்காரியான எனக்கு அந்த ஏரி கடலாகவே தெரிந்தது, மறுகரை தெரியவில்லை, ஆனால் உப்பு வாடை இல்லை. பெட்டிக்குள் ஏறி இறங்கும்வரை அவர் எதுவும் பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு திட்டமிட்டும் மனிதர் மகிழ்ச்சியாக இல்லையே என்ற கோபம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், புதிதாக வந்த எல்லோருக்கும் இது பயன்படும். அன்று இரவு தங்கிய விடுதியில், இணையத்தில் காட்டிய வாடகைக்கு மேல் வரி, அதற்கு மேல் வசதிக் கட்டணம் என்று ஒன்று, அதற்கும் மேல் முன்வைப்பாக 150 டாலரைப் பிடித்து வைத்தார்கள். கடன் வரலாறு இல்லாததால் எங்களிடம் கிரெடிட் கார்டு கிடையாது. டெபிட் கார்டில் பிடித்தால் அது நம் கையிருப்பிலிருந்தே போய்விடும். அந்தப் பணம் திரும்பி வர ஒரு வாரம் ஆனது. பதிவு செய்யும்போது இவற்றைப் பெரிய எழுத்தில் காட்டுவதில் என்ன நட்டம் என்று அப்போது கேட்கத் தோன்றியது. ஒரே சம்பளத்தில் குடும்பம் நடத்திக்கொண்டு ஊருக்கும் பணம் அனுப்புபவர்களுக்கு 150 டாலர் சிறு தொகை இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் படகில் போய்க் கட்டடங்களைப் பார்க்கும் ஒன்றரை மணி நேரப் பயணத்தை விட்டுவிட்டோம். அதுவும் அவருக்குப் பிடித்திருக்கக்கூடிய ஒன்றுதான். பட்டியலில் மீதமிருந்தவற்றில் ஆர்ட் இன்ஸ்டிடியூட் அருங்காட்சியகத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். அதற்கு நான் ஒதுக்கியிருந்தது 50 நிமிடம்.

வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள், 1894 முதல் அங்கே நிற்பவை. விவேகானந்தர் 1893 செப்டம்பர் 11 அன்று பேசியது இந்தக் கட்டடத்தில்தான் என்று என் தாளில் இருந்தது. அவருடைய அந்தப் பயணத்துக்குச் சென்னை அன்பர்களும் இராமநாதபுரம் சேதுபதியும் துணை நின்ற கதையை அப்பா சிறுவயதிலேயே சொல்லியிருக்கிறார். ஆனால் உள்ளே நான் எதிர்பாராதது வேறொன்று.

ஆசியக் கலைக்கூடத்தில் ஒரு புத்தர் அமர்ந்திருக்கிறார். கருங்கல். ஐந்தடிக்குச் சற்று மேல். சம்மணமிட்ட கால்கள்மீது இரண்டு உள்ளங்கைகளும் மேல்நோக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக. நீண்ட காதுகள், சுருள்சுருளான முடி, பாதி மூடிய கண்கள். அருகிலிருந்த குறிப்பைப் படித்தேன்: தமிழ்நாடு, நாகப்பட்டினம், சோழர் காலம், ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டு. மறுபடியும் படித்தேன். என் ஊர்ப் பெயரை அமெரிக்காவில் அச்செழுத்தில் நான் பார்த்தது அதுவே முதல் முறை. கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் எங்கள் ஊரில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தையும், அதற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததையும் பள்ளியில் படித்து மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் ஊரில் இருந்தவரை அந்த இடத்தில் ஒரு புத்தரை மனத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.

அப்பாவுக்குக் காணொளியில் அழைத்தேன். அங்கே இரவு பத்தரை மணிக்கு மேல். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் அவர். கைபேசியைப் புத்தரை நோக்கித் திருப்பினேன். வெகுநேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மாடி, கொஞ்சம் கிட்டத்துல போய்க் காட்டு, கையைப் பார்க்கணும்" என்றார். காட்டினேன். "நம்ம ஊர்ல யார் செதுக்கினாங்களோ" என்றார். அதற்கு மேல் இருவராலும் பேச முடியவில்லை.

50 நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. என் கணவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, சற்றுத் தள்ளிச் சுவரோரம் நின்றிருந்தார். "நேரமாகிவிட்டதோ?" என்று நான் கேட்டபோது, "நீ பாரு, ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது" என்றார். அப்போதுதான் முந்தைய நாள் மாலை அந்தச் சன்னலோரத்திலிருந்து நான் அவரைக் கூட்டிவந்தது எனக்கு உறைத்தது.

அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் ஞாயிறு. நான்கே முக்காலுக்குள் பொழுது சாய்ந்துவிட்டது. நவம்பரில் போவதாக இருந்தால் இதைக் கணக்கில் வையுங்கள். அருங்காட்சியகத்துக்கு எதிரே தொடங்கும் ஆடம்ஸ் தெருவிலேயே மேற்கே ஏறக்குறைய முக்கால் மைல் நடந்தால் யூனியன் ஸ்டேஷன். வழியில் அந்தக் கோபுரம் நிற்கிறது, விளக்குகளோடு. அதன் அடியில் வந்ததும் அவர் நின்று அண்ணாந்து பார்த்தார். நானும் நின்றேன். ரயிலை விட்டுவிடுவோமோ என்ற பயம் எனக்கு இருந்தது, வாயைத் திறக்கவில்லை.

ஊரில் சொன்னபோது என் பெரியம்மா, "கல்லுச் சிலையைப் பார்க்கவா அமெரிக்கா போனே? இங்கே கோயில் இல்லையா?" என்று கேட்டார்கள். பதினேழில் ஆறுதான் பார்த்தீர்களா என்று கேட்ட நண்பர்களும் உண்டு. இரண்டு நாளில் இருபது இடங்களைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் இங்கேயும் வந்து என்னைத் திருத்தலாம். அவர்களுடைய மகிழ்ச்சியை நான் குறை சொல்லவில்லை. இந்தியாவிலிருந்து விமானச் செலவு செய்து வந்து, மறுபடி வர வாய்ப்பில்லாதவர்களின் கணக்கு வேறு என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் இந்த நாட்டில் வேலையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சிகாகோ எங்கும் போய்விடாது.

ஆகவே, உங்கள் பதினைந்தை வரிசைப்படுத்தித் தர மாட்டேன். உங்கள் மனைவியிடம் அந்தத் தாளைக் கொடுத்து அவருக்கு வேண்டிய ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். தாளில் இல்லாததைச் சொன்னாலும் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் ஒன்றைச் சொல்லுங்கள். ஒருநாள் ஒருவருக்கு, மறுநாள் மற்றவருக்கு. மிலேனியம் பூங்காவும் ஆர்ட் இன்ஸ்டிடியூட்டும் அடுத்தடுத்து இருப்பவை. ஆற்றங்கரையும் நடக்கும் தூரம்தான். இவை வழியிலேயே வந்துவிடும். நம் ஊர்க் கடைகள் நிறைந்த டெவன் அவென்யூ வடக்கே தள்ளி இருக்கிறது, ரயிலும் பேருந்துமாகப் போய்வரவே நிறைய நேரம் ஆகும், இந்த முறை வேண்டாம். அருங்காட்சியகம் வாரத்தில் சில நாட்கள் மூடியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் நாங்கள் மறுபடி போனோம், ஒரே நாள், தாள் எதுவும் இல்லாமல். மாலையில் 103ஆவது மாடிக்கு ஏறினோம். அவர் மேற்குச் சன்னலுக்குப் போனார். அவருடைய பையை வாங்கி வைத்துக்கொண்டு, கடைசித் தெருவிலும் விளக்கு எரியும்வரை நான் சுவரோரம் நின்றிருந்தேன்.