வாசகர் கேள்வி – பதில்: பிறந்தது வேறு மண், ஆடியது ஜேர்மனிக்கு

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஜேர்மன் உதைபந்தாட்ட அணியைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துள்ளோம்.

கே: குளோசே, பொடொல்ஸ்கி இருவரும் போலந்தில் பிறந்தவர்கள். பிறகு எப்படி ஜேர்மன்காரர் ஆனார்கள்? உதைபந்தாட்டத்துக்காகக் கொடுத்த பிரஜாவுரிமையா? (வாசகர், ஹட்டன்)

ப: இல்லை. பந்தைத் தொடும் முன்பே அவர்களுக்கு அந்த உரிமை இருந்தது. மிரோஸ்லாவ் குளோசே 1978இல் ஒபோலே நகரில் பிறந்தார். லூகாஸ் பொடொல்ஸ்கி 1985இல் கிளிவிட்சேயில் பிறந்தார். இரண்டுமே மேல் சிலேசியாப் பகுதியில் உள்ளவை, 1945 வரை ஜேர்மனியின் நகரங்கள். போர் முடிந்து எல்லை மேற்கே நகர்ந்தது. ஊர் போலந்தின் கைக்குப் போனது, ஜேர்மன் வம்சாவளிக் குடும்பங்கள் பல அங்கேயே தங்கிவிட்டன. போலந்து, ருமேனியா, சோவியத் ஒன்றியம் ஆகிய நாடுகளில் இப்படி மிஞ்சியவர்கள் திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்ள மேற்கு ஜேர்மனி தன் அரசியலமைப்பின் 116ஆம் உறுப்புரையிலும் 1953இன் ஒரு சட்டத்திலும் வழி வைத்திருந்தது. குளோசே குடும்பம் 1986இலும் பொடொல்ஸ்கி குடும்பம் 1987இலும் அந்த வழியால் வந்தவை.

ஜேர்மன் சட்டம் அப்போது பார்த்தது இரத்த உறவை மட்டும். பிறந்த மண்ணுக்கு அதில் இடமில்லை. 1974இல் உலகக் கிண்ணம் வென்ற ரைனர் பொன்ஹோஃப் இதன் மறுபக்கம். ஜேர்மனியின் எமரிச் நகரிலேயே பிறந்தும், தந்தை வழியில் ஒல்லாந்துப் பிரஜையாகத்தான் வளர்ந்தார். விண்ணப்பித்துத்தான் ஜேர்மனியரானார். அந்த இறுதியாட்டத்தில் கெர்ட் முல்லரின் வெற்றிக் கோலுக்குப் பந்து போட்டவர் அவரே.

மலையக வாசகருக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. எமது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அந்த ஆண்டு நவம்பர் 15க்கு முன் பிறந்தவரிடம் தந்தை இங்கே பிறந்ததற்கான சான்றைத்தான் கேட்டது. அது இல்லையென்றால் தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்தவர் நாடற்றவரானதும், ஒபோலேயில் பிறந்தவர் ஜேர்மனியரானதும் ஒரே வகைக் கணக்கு. ஜேர்மனி அதை ஆளைச் சேர்க்கப் பயன்படுத்தியது, இங்கே ஆளைக் கழிக்கப் பயன்படுத்தினார்கள்.

குளோசேயின் தாய் போலந்துக்கு கைப்பந்து ஆடியவர். தந்தை பிரான்ஸில் ஒசேர் கழகத்துக்கு உதைபந்து ஆடியவர். போலந்துப் பயிற்றுநர் தேடி வந்து கேட்டும் குளோசே ஜேர்மனியைத் தெரிவு செய்தார். 2001 மார்ச்சில் அல்பேனியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே, 88ஆவது நிமிடத்தில் வெற்றிக் கோல். மொத்தம் 137 ஆட்டங்களில் 71 கோல்கள். அவற்றில் நான்கு உலகக் கிண்ணங்களில் அடித்தவை 16.

கே: 2008 யூரோ கிண்ணத்தில் போலந்துக்கு எதிராகக் கோல் அடித்த பொடொல்ஸ்கி கொண்டாடாமல் நின்றாரே? (வாசகர், நோர்வூட்)

ப: ஜூன் 8, கிளாகன்ஃபுர்ட், ஜேர்மனி 2–0. இரண்டும் அவர் கோல்கள். முதலாவதற்குப் பந்தை நகர்த்தித் தந்தவர் குளோசே. போலந்தில் பிறந்த இருவர் சேர்ந்து போலந்துக்கு அடித்த கோல். உறவுகள் அங்கே இருக்கும்போது கையைத் தூக்கிக் குதிக்க மனம் வராதுதானே. பிற்காலத்தில் போலந்தின் கோர்னிக் சாப்ஷே கழகத்துக்கே ஆடப் போனார்.

கே: ஒசில், கெதிரா, பொவாட்டெங் ஆகியோரையும் வெளிநாட்டில் பிறந்தவர்கள் பட்டியலில் சேர்க்கலாமா? பாடசாலை வினாவிடைப் போட்டிக்காகக் கேட்கிறேன். (ஆசிரியை, பசறை)

ப: சேர்க்கக் கூடாது. ஒசில் கெல்சன்கிர்ஹனில், கெதிரா ஸ்டுட்கார்ட்டில், ஜெரோம் பொவாட்டெங் பெர்லினில் பிறந்தவர்கள். குண்டோகனும் கெல்சன்கிர்ஹன்தான். ஜமால் முசியாலா இங்கிலாந்தில் வளர்ந்து அந்நாட்டு இளையோர் அணிகளில் ஆடியவர், ஆனால் பிறந்தது ஸ்டுட்கார்ட்.

2010 உலகக் கிண்ண அணியை எடுத்துப் பாருங்கள். 23 பேரில் 11 பேருக்கு வெளிநாட்டு வேர் உண்டு. வெளிநாட்டில் பிறந்தவர்களோ ஐவர் மட்டும்: குளோசே, பொடொல்ஸ்கி, ட்ரொஹோவ்ஸ்கி (மூவரும் போலந்து), மாரின் (பொஸ்னியா), ககாவ் (பிரேசில்). கிண்ணம் வென்ற 2014 அணியில் இருவரே. 2024 யூரோ அணியில் உஸ்பெகிஸ்தானில் பிறந்த வால்டெமார் அன்டோன் ஒருவர்தான். "வேர்", "பிறப்பு", "பிறகு பெற்ற பிரஜாவுரிமை" மூன்றையும் ஒரே கேள்வியில் கலந்தால் மாணவர்கள் சண்டைக்கு வருவார்கள். நியாயமான சண்டைதான்.

எல்லை மாறிய ஊர்கள்தான் அடுத்த சிக்கல். "பிறந்த ஊர் இன்று எந்த நாட்டில் உள்ளது?" என்று கேளுங்கள், வம்பு இராது. உதாரணம் எர்ன்ஸ்ட் வில்லிமோவ்ஸ்கி. 1916இல் கட்டோவிட்ஸில் பிறந்தபோது அது ஜேர்மன் பேரரசு, இன்று போலந்து. முதலில் போலந்துக்கு ஆடினார். 1938 உலகக் கிண்ணத்தில் பிரேசிலுக்கு எதிராகத் தனி ஆளாக 4 கோல் அடித்தும் போலந்து 5–6 எனத் தோற்றது. 1941–42இல் ஜேர்மனிக்கு 8 ஆட்டங்களில் 13 கோல். இவரை எந்தப் பட்டியலில் போடுவது என்பதற்கு உங்கள் கேள்வியின் சொற்களே விடை.

பல்லாக், குரோஸ் போன்றோர் பிறந்தது கிழக்கு ஜேர்மனியில் என்பதால் அவர்களும் வெளிநாட்டுப் பிறப்பு என்று சிலர் வாதிடுவர். ஜேர்மன் பிரஜாவுரிமை ஒன்றே என்பதுதான் மேற்கு ஜேர்மனியின் நிலைப்பாடு, ஆகவே அந்த வாதம் நிற்காது. இரண்டு அணிக்கும் ஆடியவர்கள் என்பது தனி வகை: உல்ஃப் கிர்ஸ்டன் கிழக்குக்கு 49, ஒன்றிணைந்த ஜேர்மனிக்கு 51, கூட்டினால் சரியாக 100. டாரியுஸ் வோஸ் இரண்டு வகையிலும் வருவார். போலந்தில் பிறந்து, கிழக்குக்கும் ஒன்றிணைந்த ஜேர்மனிக்கும் ஆடியவர் அவர்.

கே: பிரேசில்காரர்கள் ஜேர்மனிக்கு ஆடியது எப்படி? (வாசகர், மஸ்கெலியா)

ப: மூவரைச் சொல்லலாம், மூவருக்கும் மூன்று வழி. 1998இல் அறிமுகமான பவுலோ ரிங்க் குரிச்சிபாவில் பிறந்தவர். ஜேர்மன் பூட்டன் வழியில் உரிமை பெற்று 13 ஆட்டங்கள் ஆடினார். ரியோ டி ஜெனிரோவில் பிறந்த கெவின் குரானிக்குத் தந்தை ஜேர்மனியர், தாய் பனாமா நாட்டவர். 52 ஆட்டங்கள், 19 கோல்கள். 2008 ஒக்டோபரில் டோர்ட்முண்டில் ரஷ்யாவுடனான ஆட்டத்துக்குத் தன்னைத் தெரிவு செய்யாத கோபத்தில் இடைவேளையோடு அரங்கை விட்டுக் கிளம்பினார். பயிற்றுநர் லோவ் அதன் பிறகு அவரை அழைக்கவே இல்லை.

ககாவுக்கு ஜேர்மன் இரத்த உறவு கிடையாது. கீழ்மட்டக் கழகத்தில் தொடங்கி, நாட்டில் பல ஆண்டு வாழ்ந்து, 2009 பெப்ரவரியில் பிரஜாவுரிமை பெற்றார். மே மாதம் சீனாவுக்கு எதிராக முதல் ஆட்டம். அடுத்த ஆண்டு உலகக் கிண்ணத்தில் ஜேர்மனி அவுஸ்திரேலியாவை 4–0 என வென்றபோது கோலடித்தவர்கள் பொடொல்ஸ்கி, குளோசே, தோமஸ் முல்லர், ககாவ். நான்கில் மூன்று வெளிநாட்டில் பிறந்தவர்களுடையவை.

அந்த ஆட்டம் நடந்த டர்பன் நகரில் பிறந்தவர் ஷோன் டண்டி. கார்ல்ஸ்ரூ கழகத்தில் கோல் மழை பொழிந்தவர், 1997இல் ஜேர்மன் பிரஜாவுரிமை பெற்றார். தேசிய அணிக்கு ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. கடவுச்சீட்டு வாசல் வரைக்கும்தான் கொண்டுபோகும்.

கே: முதல் ஆபிரிக்க வீரர் யார்? (வாசகர், தலவாக்கலை)

ப: ஆபிரிக்காவில் பிறந்தவர் என்றால் ஜெரால்ட் அசமோவா. கானாவின் மம்பொங்கில் பிறந்து, 1990இல் ஜேர்மனி வந்தார். 2001 மே மாதம் ஸ்லோவாக்கியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். 2002 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் மாற்று வீரராகவும் இறங்கினார். முதல் கறுப்பின வீரர் என்றால் விடை மாறும்: 1974இல் ஆடிய எர்வின் கொஸ்டெட்டே. அவர் பிறந்தது ஜேர்மனியின் முன்ஸ்டர் நகரில், தந்தை அமெரிக்கப் படைவீரர். 2022இல் ஆடிய யூசுஃபா மூகோகோ கமரூனின் யாவுண்டேயில் பிறந்தவர்.

கே: தங்கையின் மகன் ஸ்டுட்கார்ட்டில் பிறந்து அங்கே ஒரு கழகத்தின் இளையோர் அணியில் ஆடுகிறான். வயது 15. ஜேர்மன் இளையோர் அணிக்கு அழைத்தால் போகலாமா, அல்லது பிறகு இலங்கைக்கு ஆடும் வாய்ப்பு போய்விடுமா? (வாசகர், பண்டாரவளை)

ப: போகலாம். ஆனால் அதற்கு முன் கடதாசி வேலை ஒன்று இருக்கிறது, அதைத் தள்ளிப்போடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

முதலில் மருமகனிடம் எந்தெந்தப் பிரஜாவுரிமை உள்ளது என்று உறுதி செய்யுங்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து, பிறப்பின்போது பெற்றோரில் ஒருவர் சட்டபூர்வமாக 8 ஆண்டு வாழ்ந்து நிரந்தர வதிவிட உரிமையும் பெற்றிருந்தால் பிள்ளை பிறப்பிலேயே ஜேர்மனியர். 2024 ஜூன் 27 முதல் இந்த 8 ஆண்டு 5 ஆகக் குறைந்தது. அவன் பிறந்தது அதற்கு முன் என்பதால் 8 ஆண்டுக் கணக்கே பொருந்தும். இலங்கைப் பக்கத்தில், வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பைத் தூதரகம் வழியாகப் பதிந்து வம்சாவளிப் பிரஜாவுரிமை பெற வேண்டும். பிறந்து ஓராண்டுக்குள் செய்ய வேண்டிய காரியம் இது. காலம் கடந்திருந்தால் தாமதத்துக்கு அனுமதி கேட்க வேண்டியிருக்கும், ஆகவே பெற்றோரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, பிள்ளையின் ஜேர்மன் பிறப்புப் பதிவு மூன்றையும் இப்போதே தேடி எடுத்துவைக்கச் சொல்லுங்கள். தோட்டத்தில் பிறந்தவர்களின் பதிவில் பெயர் எழுத்து வேறுபடுவது சாதாரணம். கடவுச்சீட்டில் ஒரு மாதிரி, பிறப்புப் பதிவில் இன்னொரு மாதிரி இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

இனி ஃபிஃபா விதி. நட்பு ஆட்டம் எத்தனை ஆடினாலும் இளையோர் மட்டத்தில் அது கட்டிப்போடாது. தகுதிகாண் சுற்று போன்ற உத்தியோகபூர்வப் போட்டிதான் கணக்கு. அப்படிப்பட்ட முதல் போட்டியில் ஜேர்மனிக்கு இறங்கும் நாளில் இலங்கைப் பிரஜாவுரிமையும் அவன் கையில் இருந்தால், பிறகு மாறுவது இலகு. இல்லாமலிருந்தாலும் வழி உண்டு: கடைசி உத்தியோகபூர்வ இளையோர் ஆட்டம் 21 வயதுக்கு முந்தியதாக இருக்க வேண்டும், தாய் தந்தையோ பாட்டன் பாட்டியோ இலங்கையில் பிறந்திருக்க வேண்டும்.

முதன்மை அணிக்கு ஏறினால் கயிறு இறுகும். உத்தியோகபூர்வ ஆட்டம் ஒன்று ஆடியவர் மாற வேண்டுமானால், நட்பு ஆட்டங்களையும் சேர்த்து மூன்றுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. கடைசி ஆட்டம் 21 வயதுக்கு முன் நடந்திருக்க வேண்டும், அதன்பின் மூன்று ஆண்டு கடந்திருக்க வேண்டும். உலகக் கிண்ணத்திலோ கண்டக் கிண்ணத்திலோ இறங்கியிருக்கவும் கூடாது. இங்கே முதல் போட்டி நாளில் மற்ற பிரஜாவுரிமை இருந்திருப்பது கட்டாயம், பாட்டன் வழி உதவாது. மாற்றக் கோரிக்கை நிலுவையில் இருக்கும்வரை எந்த நாட்டுக்கும் ஆட முடியாது என்பதால், பெரிய தொடருக்குச் சற்று முன் விண்ணப்பிப்பது புத்தியல்ல.

நட்பு ஆட்டம் மட்டும் ஆடித் தப்பியவருக்கு நல்ல உதாரணம் ரோமன் நொய்ஸ்டட்டர். உக்ரைனில் பிறந்து, ஜேர்மனிக்கு இரண்டு நட்பு ஆட்டங்கள் ஆடி, 2016 யூரோ கிண்ணத்துக்கு ரஷ்ய அணியில் போய்ச் சேர்ந்தார். உங்கள் மருமகனுக்கு முன்னோடிகளும் இருக்கிறார்கள்: பெர்லினில் பிறந்த வசீம் ராசிக், ஜேர்மனியில் பிறந்த கிளாடியோ காமர்க்னெக்ட் இருவரும் இலங்கைக்கு ஆடியவர்கள்.

கே: வெளிநாட்டில் பிறந்தவர்களை வைத்து ஜேர்மனிக்கு ஒரு பதினொருவர் அணி அமைத்துத் தாருங்கள். (வாசகர், பதுளை)

ப: முன்வரிசையில் ஆள் குவிந்து கிடக்கிறது, பின்வரிசையில் பஞ்சம். ஆகவே 3–4–3.

கோல்காப்பாளர் இடத்தில் 1938க்குப் போக வேண்டியிருக்கிறது: வியன்னாவின் ருடோல்ஃப் ரஃப்டல். அந்த ஆண்டு ஜேர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. மேலிடத்து உத்தரவால் பயிற்றுநர் ஹெர்பெர்கர் இரு நாட்டு வீரர்களையும் கலந்து இறக்கி, சுவிற்சர்லாந்துடன் முதலில் 1–1, மறு ஆட்டத்தில் 2–4 எனத் தோற்று வெளியேறினார். இரண்டு பாணி ஆட்டம் சில வாரத்தில் ஒட்டாது.

பின்வரிசை: யோசெப் போசிப்பல், அன்டோன், பாரிஸில் பிறந்த பெல்லா-கொட்சாப். போசிப்பல் ருமேனியாவின் லுகோஜில் பிறந்தவர், 1954இல் உலகக் கிண்ணம் வென்றவர். தலைவர் பட்டி அவருக்கே. நடுவரிசை: வலப்பக்கம் சோவியத் கெமெரோவோவில் பிறந்த அந்திரியாஸ் பெக், நடுவே வோஸ், சிரியாவின் அமூதாவில் பிறந்த மஹ்மூத் தஹூத், இடப்பக்கம் பொடொல்ஸ்கி. முன்னே அசமோவா, குளோசே, சுவிற்சர்லாந்தின் லொக்கார்னோவில் பிறந்த ஒலிவர் நொய்வில். 2006இல் போலந்தைக் கடைசி நேரக் கோலால் வீழ்த்திய அதே நொய்வில். மாரிபோரில் பிறந்து 1996 யூரோ கிண்ணம் வென்ற ஃபிரெடி போபிச்சுக்கு ஆசனத்தில்தான் இடம். குரானிக்கும் அப்படியே, இடைவேளையில் வீட்டுக்குப் போகாவிட்டால்.

கே: பெண்கள் அணியில்? (மாணவி, கொட்டகலை)

ப: புடாபெஸ்டில் பிறந்த ஜெனிஃபர் மரோசான் முதலில். தந்தை ஹங்கேரிக்கு ஆடியவர். 2016 ஒலிம்பிக் இறுதியில் ஜேர்மனி சுவீடனை 2–1 என வென்றபோது முதல் கோல் இவருடையது. 112 ஆட்டங்கள், 33 கோல்கள். கொசோவோவில் பிறந்த ஃபத்மிரே அலுஷி 2007இல் உலகக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தார். தடுப்பு வீராங்கனை கத்ரின் ஹென்ட்ரிச் பிறந்தது பெல்ஜியத்தின் ஓய்ப்பன், ஜேர்மன் எல்லையை ஒட்டிய, ஜேர்மன் மொழி பேசும் ஊர்.