பஞ்சில் ஒட்டிய கரியும் பி.எஸ்சி. வேதியியலும்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ முடித்த பிள்ளை நர்சிங் வேண்டாம், வேதியியல்தான் என்று பிடிவாதமாக நிற்கிறாள், இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டீர்கள். அன்று அவள் என் மேசையில் வைத்த பஞ்சைப் பார்த்தீர்களா? நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் துடைத்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு திட்டுத்திட்டாகக் கரி. "இதில் வண்டிப் புகை எவ்வளவு, விறகுப் புகை எவ்வளவு சார்?" என்று கேட்டாள்.

அதைக் கண்டுபிடிப்பதே ஒரு தொழில், அம்மா. படிந்த தூசியைக் கரைப்பானில் ஊறவைத்து, வடித்து, ஜிசி-எம்எஸ் என்ற கருவியில் செலுத்தினால் சேர்மங்கள் தனித்தனியாகப் பிரிந்து, எது எதுவென்று அடையாளம் தெரியும். இலை மெழுகிலிருந்து வந்த ஆல்கேன்களில் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட சேர்மங்கள்) 27, 29, 31 என்று ஒற்றைப்படை எண்ணிக்கையில் கார்பன் கொண்டவை தூக்கலாக இருக்கும். பெட்ரோலியத்தில் அந்த ஏற்ற இறக்கம் இருக்காது. பெட்ரோலியத்தில் இருக்கும் ஹோப்பேன்கள் என்ற சேர்மங்கள் தெரிந்தால் என்ஜின் ஆயிலைச் சந்தேகிக்கலாம். லெவோகுளுக்கோசான் என்ற சேர்மம் தெரிந்தால் எங்கோ விறகோ சருகோ எரிந்திருக்கிறது. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் நம் ஊரில் அது கிடைத்தால் ஆச்சரியமில்லை. எரிபொருள் அரைகுறையாக எரியும்போது வரும் பென்சோபைரீன் புற்றுநோய் உண்டாக்கும். 2009-ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தர அளவுகோல் அதற்கு ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 1 நானோகிராம்தான் அனுமதிக்கிறது. அவ்வளவு சின்ன அளவைப் பிழையில்லாமல் அளக்கக் கை பழக வேண்டும்.

சரி, படிப்புக்கு வருவோம். கவர்ச்சியான பெயர் வைத்த பட்டங்களில் இப்போதே சேர்த்துவிடாதீர்கள். நாகர்கோவிலிலேயே பி.எஸ்சி. வேதியியல் படிக்கட்டும்; அடித்தளம் அதுதான். கடைசி ஆண்டில் எம்.எஸ்சி. சேர்க்கைக்காக ஐஐடிகள் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வை எழுதட்டும். எம்.எஸ்சி. எங்கே படித்தாலும் புராஜெக்டை மட்டும் கருவி இருக்கும் இடத்தில் செய்ய வேண்டும். களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகும் வழியில் பாப்பனங்கோட்டில் மத்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆரின் நிஸ்ட் ஆய்வகம் இருக்கிறது. அங்கே இடம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வேலையை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். இதே கருவியை வைத்துத்தான் மசாலாவில் பூச்சிமருந்து எச்சம் பார்க்கிறார்கள், மருந்து கம்பெனிகளில் தரம் பார்க்கிறார்கள். வளைகுடாவுக்குப் போகும் நர்ஸின் சம்பளம் ஆரம்பத்தில் வராது; அதை மறைக்க மாட்டேன். ஆனால் தானாகவே கேள்வி கேட்கிற பிள்ளையை வேறு பக்கம் திருப்ப எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், பஞ்சைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்தாள். பிளாஸ்டிக்கில் உள்ள சேர்மங்களே மாதிரியில் கலந்துவிடும். அடுத்த முறை கழுவிக் காயவைத்த கண்ணாடிக் குப்பியில் போடச் சொல்லுங்கள்.