கேள்வி – பதில்: இன்னும் படிப்பா, வேலையா?

கேள்வி: பேராதனையில் கலாநிதிப் பட்ட ஆய்வை முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். கிணற்றுத் தண்ணீரிலிருந்து புளோரைட்டை அகற்றும் இரும்பு ஒட்சைட்டு வடிகட்டிதான் என் ஆய்வு. அமெரிக்கத் தேசிய ஆய்வகமொன்றுக்கு போஸ்ட்டொக்காக, அதாவது கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வாளராகப் போக ஆசை. "இன்னும் எத்தனை வருசம் படிக்கப் போறாய்?" எண்டு அம்மா கேக்கிறா. என்னைப் போன்றவர்களை எடுப்பார்களா, ஐயா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: பிள்ளை, அது படிப்பில்லை, வேலை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பரீட்சை கிடையாது, சம்பளம் உண்டு. பெரும்பாலும் ஒரு வருட ஒப்பந்தம். வேலை பிடித்துப்போனால் இரண்டு, மூன்று வருடத்துக்கு நீடிப்பார்கள்.

எல்லா இடத்திலும் எடுக்கமாட்டார்கள். அணுவாயுதப் பணி நடக்கும் சான்டியா ஆய்வகத்தில் பல பதவிகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். ஆர்கோன், ஓக் ரிட்ஜ், புரூக்ஹேவன் போன்ற ஆய்வகங்களில் வெளிநாட்டவர் நிறையப் பேர். நான் ஆர்கோனில் மூன்று வருடம் இருந்தேன். சிக்காகோவுக்குத் தென்மேற்கே, காட்டுக்குள் வெள்ளை மான்கள் திரியும் இடம். 1.1 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வளையத்தில் இலத்திரன்கள் ஓடும். அவை வளையும்போது வெளிவரும் எக்ஸ் கதிரில்தான் மாதிரிகளை வைப்போம். அந்தக் கதிரைப் பாவிக்க ஒதுக்கித் தரும் கதிர் நேரம் கிடைத்துவிட்டால் முறைபோட்டு இரவிரவாக விழித்திருப்போம். இரணைமடுத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு முறைவரும் இரவுகளில் அப்பா மண்வெட்டியோடு வரம்பில் நின்றது அப்போதெல்லாம் நினைவில் வரும்.

விளம்பரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிராமல், உங்கள் துறையில் அங்கே வேலை செய்யும் விஞ்ஞானிக்கே நேரே எழுதுங்கள். "சேர விருப்பம்" என்று நான் அனுப்பிய கடிதங்கள் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. என் மாதிரியில் எனக்கு விளங்காத ஒன்றைக் கேட்டு எழுதியதற்குத்தான் வந்தது. உங்களிடமும் அப்படியொன்று இருக்கிறது. இரும்பைச் சுற்றி எவ்வளவு தூரத்தில் அணுக்கள் நிற்கின்றன என்பதை எக்ஸ் கதிர் உறிஞ்சல் காட்டும். ஆனால் ஒட்சிசனும் புளோரினும் ஆவர்த்தன அட்டவணையில் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டையும் அது இலகுவில் பிரித்துக் காட்டாது. அப்படியென்றால் புளோரைட் இரும்பில்தான் பிடிக்கிறது என்பதை எப்படி நிறுவப் போகிறீர்கள்? அதை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். நீங்கள் அளந்த கிணறுகளின் புளோரைட் அளவுகளையும் சேருங்கள். அந்தத் தண்ணீரைக் குடிப்பது உங்கள் ஊரார் என்பதையும் எழுதுங்கள்.

பதவி கிடைக்கமுன்னரே மேற்பார்வையாளரோடு சேர்ந்து ஆர்கோனில் கதிர் நேரத்துக்கு விண்ணப்பிக்கலாம். எந்த நாட்டிலிருந்தும் கேட்கலாம். முடிவுகளை வெளியிடுவதாயின் கட்டணம் இல்லை.

காலத்தில் மட்டும் கவனம். ஆர்கோன் போன்ற இடங்களில் பட்டம் பெற்று 5 வருடத்துக்குள் இருக்கவேண்டும். ஜேர்மனியின் ஹம்போல்ட் புலமைப்பரிசிலுக்கு 4 வருடம், ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் என்ற விஞ்ஞான மேம்பாட்டு அமைப்பின் புலமைப்பரிசிலுக்கு 6. வீட்டுப் பொறுப்புகளால் ஓரிடத்துக்குப் பிந்தி விண்ணப்பித்து அந்த வாய்ப்பை நான் இழந்தேன். உங்கள் பட்டம் எந்தத் திகதியில் உறுதியாகிறது என்பதைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். அந்தத் திகதியிலிருந்துதான் எண்ணுவார்கள்.