'என்னால் முடியும் என்று நம்புகிறேன்' என்பதை ஆங்கிலத்தில் 'ஐ ஹோப் ஐ கேன்' என்று சொல்வது சரியா? அடுத்த மாதம் ஒரு நேர்காணல் இருக்கிறது.

இலக்கணத்தில் தப்பே இல்லை. ஆனால் நீங்கள் மனதில் வைத்திருப்பதை அது சொல்லாது. நேர்காணலில் அதைச் சொல்லாமல் இருப்பதே நல்லது என்பேன்.

சிக்கல் நம்முடைய 'நம்பிக்கை' என்ற சொல்லில் இருக்கிறது. 'கடவுள் நம்பிக்கை', 'உன்னை நம்பித்தான் இருக்கேன்', 'மழை வரும்னு ஒரு நம்பிக்கை', 'தன்னம்பிக்கை' எல்லாமே நமக்கு ஒரே வேரில் முளைத்தவை. ஆங்கிலம் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது: ஃபெய்த், ட்ரஸ்ட், ஹோப், கான்ஃபிடன்ஸ். இதில் ஹோப் என்பது ஆசையைச் சொல்லும் சொல். நடந்தால் நன்றாக இருக்கும், ஆனால் நடப்பது என் கையில் இல்லை என்பது அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. மழைக்கு அது பொருந்தும். உங்கள் சொந்தத் திறமைக்குப் போட்டால், 'முடியுமா என்று எனக்கே தெரியவில்லை' என்றுதான் கேட்பவர் காதில் விழும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தின் வடக்கில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்த புதிது. மாதாந்திர அறிக்கையை வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க முடியுமா என்று மேலாளர் கேட்டார். 'ஐ ஹோப் ஐ கேன்' என்றேன். வியாழனே முடித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். பெரியவரிடம் அடித்துச் சொல்ல வேண்டாமே என்றுதான் அப்படிச் சொன்னேன். மதியத்துக்குள் பாதி வேலை இன்னொருவர் மேசைக்குப் போய்விட்டது. என்னை நம்பவில்லையே என்று அன்று முழுக்க மனசு கனத்துக் கிடந்தது. பக்கத்து மேசையில் இருந்த மூத்த சக ஊழியர்தான் தேநீர் நேரத்தில் எடுத்துச் சொன்னார்: "அவர் உன்னைக் குறைவாக நினைக்கவில்லை. நீ சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். அடுத்த முறை 'ஐ ஷுட் பி ஏபிள் டு' என்று சொல்லிப் பார்."

அந்த 'ஷுட் பி ஏபிள் டு' எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. 'ஷுட்' என்றால் 'வேண்டும்', புத்திமதி சொல்லும் சொல் என்றுதான் பள்ளியில் படித்திருந்தேன். இங்கே அதன் பொருள் வேறு: குறுக்கே எதுவும் வராவிட்டால் முடிந்துவிடும். அடக்கமும் இருக்கிறது, உறுதியும் இருக்கிறது. நாம் 'முடிச்சிடலாம் சார்' என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதே தொனி. அங்கே ஒரு நாளில் பத்து முறையாவது இது காதில் விழும்.

இதற்கு ஒரு படி மேலே 'ஐ கேன் டூ தட்'. இன்னொரு படி மேலே 'ஐ வில்'. இது வாக்குக் கொடுப்பது. சொன்னால் செய்தாக வேண்டும். 'ஐ வில் ட்ரை' என்பது பாவம், நல்லெண்ணத்தோடு சொன்னாலும் இளைத்துத்தான் ஒலிக்கும். 'ஐ வில் டூ மை பெஸ்ட்' அதைவிடத் தெம்பானது. பழக்கமில்லாத வேலையைக் கொடுத்தால் 'ஐ வில் கிவ் இட் எ கோ' என்பார்கள்: இதுவரை செய்ததில்லை, ஆனால் பயமில்லை, இறங்கிப் பார்க்கிறேன். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தெரியாது என்பதையும் மறைக்கவில்லை, பின்வாங்கவும் இல்லை.

'ஐம் கான்ஃபிடண்ட் தட்' என்று தொடங்கினால், பின்னால் ஒரு காரணம் வர வேண்டும். இதே வேலையை முன்பு செய்திருக்கிறேன், இத்தனை பேர் குழுவை நடத்தியிருக்கிறேன் என்று ஏதாவது. காரணமில்லாமல் சொன்னால் வெறும் சத்தமாகப் போய்விடும்.

ஊருக்கு ஊர் அளவு மாறும் என்பதையும் கவனியுங்கள். ஒரு பிரிட்டிஷ்காரர் தனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தைக்கூட 'ஐம் நாட் பேட் அட் இட்' என்பார். 'மோசமில்லை' என்று அதை மொழிபெயர்த்துக்கொண்டால் ஆளைத் தவறாக எடைபோட்டுவிடுவோம். அமெரிக்கர் அதே இடத்தில் 'ஐம் ரியலி குட் அட் இட்' என்று கூச்சமில்லாமல் சொல்வார். பரீட்சைக்கு முன் தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்ளும் 'ஐவ் காட் திஸ்' என்பதும் அமெரிக்க வழக்குத்தான். 'க்வைட்' என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை: 'க்வைட் கான்ஃபிடண்ட்' என்றால் அமெரிக்கருக்குப் பெரும்பாலும் 'மிகவும்', பிரிட்டிஷ்காரருக்குப் பல நேரம் 'ஓரளவு'.

அடக்கத்தை முற்றிலும் ஒதுக்கிவைத்த தருணங்களும் அந்த மொழியில் உண்டு. 1942 மார்ச்சில் பிலிப்பைன்ஸை விட்டு ஆஸ்திரேலியா வந்து சேர்ந்த அமெரிக்கத் தளபதி டக்ளஸ் மெக்கார்தர் 'ஐ ஷல் ரிட்டர்ன்' என்றார். 'ஹோப்' இல்லை, 'ட்ரை' இல்லை. 1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸின் லெய்டே தீவில் போய் இறங்கினார். 1964 பிப்ரவரியில் குத்துச்சண்டை உலகச் சாம்பியன் சன்னி லிஸ்டனை வென்ற 22 வயது கேஷியஸ் கிளே, பின்னாளில் முகமது அலி ஆனவர், 'ஐ ஆம் தி கிரேட்டஸ்ட்' என்று கத்தினார். போட்டிக்கு முன்பும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். 2008 ஜனவரியில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நியூ ஹாம்ப்ஷயர் முதல்நிலைத் தேர்தலில் தோற்ற இரவில் ஒபாமா திரும்பத் திரும்பச் சொன்னது 'யெஸ் வி கேன்'. 1972-இல் டோலோரஸ் ஹுவெர்டாவும் சீசர் சாவேஸும் அமெரிக்க விவசாயத் தொழிலாளர் போராட்டத்தில் எழுப்பிய 'சி, சே புவேதே' என்ற ஸ்பானிய முழக்கம் அதற்கு முன்னோடி. 'கேன்' என்ற சின்னச் சொல்லுக்கு எவ்வளவு தாங்கும் சக்தி இருக்கிறது, பாருங்கள்!

சரி, அப்படியென்றால் ஹோப் எங்கே வரும்? தூரத்தில் இருக்கும் திட்டத்துக்கு வரும். 'ஐ ஹோப் டு ஸ்டடி லா' என்றால் யாரும் தயக்கமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இடம் கிடைப்பது மற்றவர்களையும் பொறுத்ததுதானே. 'ஹோப்ஃபுலி' என்று வாக்கியத்தைத் தொடங்குவது தவறு என்று மொழிக் காவலர்கள் வெகுகாலம் சண்டை போட்டார்கள். 2012-இல் அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் தன் நடைக் கையேட்டில் அதை ஏற்றுக்கொண்டது. நீங்கள் பயப்படாமல் பேச்சில் பயன்படுத்தலாம்.

ஹோப்புக்குப் பக்கத்தில் இன்னொரு குழி இருக்கிறது. 'ஐ விஷ் ஐ குட்' என்றால் 'செய்ய விரும்புகிறேன்' என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதன் பொருள் 'செய்ய முடியாதே' என்பது. யாராவது விருந்துக்குக் கூப்பிட்டு நீங்கள் 'ஐ விஷ் ஐ குட் கம்' என்றால், வர மாட்டீர்கள் என்று முடிவுசெய்துவிடுவார்கள்.

முடித்துக் காட்டியதைச் சொல்லும்போதும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒருமுறை சாதித்த காரியத்துக்கு 'ஐ குட்' வராது. 'ஐ வாஸ் ஏபிள் டு' அல்லது 'ஐ மேனேஜ்ட் டு'. இரண்டாவதில், கஷ்டப்பட்டுத்தான் முடித்தேன் என்ற பொருளும் சேர்ந்து வரும். நேர்காணலில் உங்கள் அனுபவத்தைச் சொல்ல மிகவும் கைகொடுக்கும்.

கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றினால் பிரிட்டிஷ்காரர்கள் 'டச் வுட்' என்று சொல்லி மேசையைத் தொடுவார்கள். அமெரிக்கர்கள் 'நாக் ஆன் வுட்' என்று தட்டுவார்கள். நம் வீடுகளில் 'கண்ணு பட்டுடப் போகுது' என்போமே, அந்தப் பயம் அங்கேயும் இருக்கிறது.

உங்கள் நேர்காணலில் 'இந்த வேலையைச் சமாளிப்பீர்களா?' என்று கேட்டால், 'யெஸ், ஐம் கான்ஃபிடண்ட் ஐ கேன்' என்று சொல்லிவிட்டு, உடனே நீங்கள் செய்த ஒரு வேலையை எடுத்து விளக்குங்கள். தெரியாத மென்பொருளைப் பற்றிக் கேட்டால் 'ஐ ஹேவ்ன்ட் யூஸ்ட் இட் யெட், பட் ஐ ஷுட் பி ஏபிள் டு லேர்ன் இட் க்விக்லி' போதும். முடிந்து வீட்டுக்கு வந்து நன்றி மின்னஞ்சல் எழுதும்போது, கடைசி வரியில் 'ஐ ஹோப் டு ஹியர் ஃப்ரம் யூ சூன்' என்று தாராளமாகப் போடுங்கள். பதில் எழுதுவது அவர்கள் கையில்தானே இருக்கிறது.