ரத்த ஓட்டம் மாறினால் தமனி ஏன் தன் அளவை மாற்றிக்கொள்கிறது?

தமனி வெறும் குழாய் இல்லை. ஓட்டம் நிரந்தரமாகக் கூடினால் அகலமாகும், குறைந்தால் ஒடுங்கும். சில நிமிடங்கள் விரிந்து சுருங்குவதைச் சொல்லவில்லை. வாரக்கணக்கில் சுவரே புதிதாகக் கட்டப்படுவதைச் சொல்கிறேன்.

ஓடும் ரத்தம் உள்சுவர் செல்களை உரசிக்கொண்டே போகிறது. அந்த உராய்வை வழக்கமான அளவில் வைத்திருப்பதுதான் செல்களின் குறிக்கோள். உராய்வு ஏறினால் முதலில் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து தசை தளரும். ஏற்றம் நீடித்தால் சில நொதிகள் சுவரின் மீள்நார்களை அறுத்துப் பெரிய அளவில் மறுபடி கட்டவைக்கும். ஓட்டம் 8 மடங்கானாலும் விட்டம் 2 மடங்கானால் போதும், உராய்வு பழையபடி ஆகிவிடும்.

டயாலிசிஸுக்காக மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா நம்பியிருப்பது இதைத்தான். நிமிடத்துக்குச் சில பத்து மி.லி. ஓடிய தமனியில் பின்னர் 600 மி.லி.க்கு மேல் ஓட வேண்டும். சிரையின் விட்டம் சுமார் 6 மி.மீ. அளவுக்கு விரிய வேண்டும். அதனால்தான் ஊசி குத்த வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சுண்ணாம்பு படிந்து இறுகிய தமனி விரிய மறுக்கும். சர்க்கரை நோயாளிகளிடம் ஃபிஸ்டுலா தேறாமல் போக இது ஒரு முக்கியக் காரணம்.

வாய்க்காலும் இப்படித்தான்: தண்ணீர் பெருகினால் அகலும், வரத்து நின்றால் தூர்ந்துபோகும். ஆனால் தமனியில் கரையை அரிப்பது ரத்தமல்ல, செல்களே திட்டமிட்டு அகலப்படுத்துகின்றன.

ரத்த அழுத்தம்தான் தமனியை இப்படி அகலமாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்தம் கூடினால் முக்கியமாகத் தடிப்பது சுவர், உள்விட்டத்தைத் தீர்மானிப்பது ஓட்டம்.